முதல் லெவல் மேலேயா, கீழேயா?

நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆனர்ஸ் வகுப்பை மூடிவிட்டார்களாம். அதற்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். திறந்தபோது மலர் போட்டதாக எனக்கு நினைவில்லை. நம் ஆட்கள் எதையும் மூடும்போதுதான் மலர், மாலை, குழுப் புகைப்படம் என்று இறங்குவார்கள். கோலார் தங்கவயல்காரனுக்கு மூடுவிழா ஒன்றும் புதிதல்ல. சுரங்கத்தையே மூடியதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவன் நான்.

இப்போது என் வேலையைப் பார்க்கும் ரேகா ஃபோன் செய்தாள். "அண்ணா, நீங்க இருபது வருஷம் இருந்தீங்க. படம் மாட்டறது எப்படின்னு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. எங்களுக்கும் உதவும்."

"ஆனர்ஸே போச்சு. இனிமே யாருக்கும்மா மாட்டப் போற?"

"டிகிரி பசங்க இருக்காங்களே அண்ணா. நீங்க ஒரு தடவைகூடத் தப்பா மாட்டினதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எழுதுங்க."

அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு மாதிரி போய்விட்டது.

என் பெயர் ஏழுமலை. வீடு தங்கவயல் பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர் லைனில். பெங்களூரில் ஒரு ஓவியக் கல்லூரியின் அச்சுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓவியக் கல்லூரியில் அச்சுக்கூடம் எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் லைனில் கிடையாது. "கல்யாணப் பத்திரிக அடிப்பியா ஏழுமல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். செப்புத் தகட்டில் படம் செதுக்கி, அதில் மை தடவி, ஈரத்தாளை மேலே வைத்து, இரும்பு உருளைக்கு நடுவில் விட்டு அழுத்தி எடுப்பார்கள் என்பேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பத்திரிக அடிக்க மாட்டியா?" என்பார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன்.

சுரங்க ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். சுரங்கத்தை மூடியபோது நாற்பது வயது. அந்தக் கல்லூரியில் அச்சு இயந்திரம் ஒன்று சக்கரம் சுற்றாமல் நின்றுபோய், அதைப் பார்க்க ஒருநாள் கூப்பிட்டார்கள். போனேன், சரி செய்தேன், இருபது வருஷம் கழித்து வெளியே வந்தேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். காலையில் ரயில் புறப்படுகிற மாரிக்குப்பத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவன் பெங்களூர் வரைக்கும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். இந்த ஒரு சலுகைக்காகவே நான் பாலகாட்டை விட்டு வீடு மாறவில்லை.

ஆனர்ஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷம் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கிய பிறகு, அதற்கு மேல் ஒரு வருஷம். பாடம் கிடையாது, வகுப்பு கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு மேஜை, ஒரே ஒரு வேலை. வருஷக் கடைசியில் அந்த வேலையைத் தானே தேர்ந்தெடுத்த ஓர் இடத்தில் மாட்டிக் காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். ஒரு வருஷ உழைப்பை ஒரு மணி நேரம் பார்ப்பார். அவருக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை என்றால் அரை மணி நேரம்.

இதற்கெல்லாம் தலைமை பிரமீளா மேடம். கன்னடக்காரர். குள்ளமான உருவம், பருத்திப் புடவை, இரண்டு கையும் எப்போதும் முதுகுக்குப் பின்னால். நான் இருந்த இருபது வருஷத்தில் ஒரு படத்தைப் பார்த்து அவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'நல்லா இல்லை' என்றும் சொன்னதில்லை. படத்தின் முன்னால் போய் நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். பிள்ளைக்கு வியர்க்க ஆரம்பித்த பிறகு, "ஏன் இங்கே?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. இந்தக் கோடு ஏன் இங்கே, இந்தக் கறுப்பு ஏன் இங்கே, இந்தப் படம் இந்தச் சுவரில் ஏன் இங்கே. ஒருவன் "இடம் காலியா இருந்தது மேடம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். கண்காட்சி முடியும்வரை அந்த இடத்தை மேடம் மறுபடியும் காலியாகவே வைத்திருந்தார்.

அவர் தமிழ் பேசக் கற்றது என்னிடம்தான். அதனால் பெரிய பெரிய கருத்தரங்குகளில் இலக்கணமாகக் கன்னடமும் இங்கிலீஷும் பேசுகிற அம்மாள், அச்சுக்கூடத்துக்குள் வந்தால், "இன்னா ஏளுமலை, வேலை ஆச்சா?" என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு என்னை முறைத்தார். நான் என்ன செய்ய, என்னிடம் இருந்ததைத்தானே கொடுக்க முடியும்.

மேடம் கண்டுபிடித்தது ஹேங்கிங் ஷீட். ஒரு பக்கத் தாள். எந்தப் படம் எங்கே, எந்த உயரத்தில், எந்த வரிசையில் என்று பிள்ளை அதில் எழுத வேண்டும். நான் அதன்படி மாட்ட வேண்டும். பிள்ளை வந்து பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடும். அதற்குக் கீழே நான் போடுவேன். இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டால் தேர்வாளர் போகும்வரை கூரை இடிந்தாலும் யாரும் படத்தைத் தொடக்கூடாது. ஒரு தடவை கல்லூரி முதல்வரே புகைப்படத்துக்காக ஒரு சட்டத்தை இரண்டு அங்குலம் நகர்த்திவிட்டார். மேடம் ஓடவில்லை, கத்தவில்லை. ஷீட்டையும் பேனாவையும் நீட்டினார். "கை வெச்சவங்க எளுதணும் சார்." முதல்வர் குறிப்புப் பகுதியில் 'இரண்டு அங்குலம், இடப்பக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாட்டுவதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. தரையிலிருந்து ஐம்பத்தெட்டு அங்குலத்தில் சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் கயிறு அடித்துவிடுவேன். ஒவ்வொரு படத்தின் நடுவும் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். பிறகு ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. பிறகு பத்தடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது. ரசமட்டம் சரி என்று சொல்லும், கண் இல்லை என்று சொல்லும். கண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ரேகா, இதைக் குறித்துக்கொள். உனக்குப் பிரயோஜனமானது இந்தக் கட்டுரையில் இவ்வளவுதான்.

இனி கௌதமி.

எங்கள் ஊரில் ஸ்கெலட்டன் என்று ஒரு பேட்டை, அந்தப் பேட்டைப் பெண். அவள் அப்பா தயாளனும் நானும் சுரங்க காலத்துப் பழக்கம். அவன் பாதாளத்தில் டிராலி தள்ளிக்கொண்டிருந்தவன். மூடிய பிறகு பெங்களூரில் பன்னிரண்டு மாடி அபார்ட்மெண்ட் ஒன்றில் செக்யூரிட்டி. காலையில் மூன்று பேரும் ஒரே ரயிலில் போவோம். தயாளன் உட்கார்ந்தவுடன் தூங்குவான். கௌதமி என்னோடு பேசிக்கொண்டு வருவாள். கல்லூரியில் மற்றப் பிள்ளைகளுக்கு நான் அண்ணா, இவளுக்கு மட்டும் மாமா.

பட்டம் வாங்கியாயிற்று. அவள் ஆனர்ஸ் படிக்க வேண்டும் என்றதும் அவள் அம்மா செல்வி நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஆனர்ஸ்னா இன்னாண்ணா அது?"

"மரியாதைன்னு அர்த்தம்மா."

"நாலு வருசம் படிச்சதுக்கு மரியாத தர்லியா அவங்க?"

  கடைசியில் வீட்டில் ஒரு பேச்சு முடிவானது. ஒரே ஒரு வருஷம். வடக்கே ஒரு ஊரில் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆனர்ஸில் முதல் வகுப்பு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வந்தால் போகலாம். வராவிட்டால் கிடைத்த வேலையில் சேர்ந்து, பார்க்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு அச்சுக்கூடத்துக்கு வந்து, ஒரு செப்புத் தகட்டை மேஜையில் வைத்தாள்.

அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். தகடு முழுக்கப் பல் வைத்த உளியால் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்கினாள். அதற்கே இரண்டு மாதம். அந்தத் தகட்டில் மை போட்டு எடுத்தால் தாளில் ஒன்றுமே இருக்காது, கறுப்பு மட்டும். அதுதான் முதல் பிரதி. பிறகு மழமழப்பான ஒரு இரும்புக் கம்பியால் அங்கங்கே தேய்ப்பாள். தேய்த்த இடத்தில் மை நிற்காது, வெளிச்சம் வரும். ஒரு பிரதி எடுப்பாள். மறுபடியும் தேய்ப்பாள், மறுபடியும் ஒன்று. இப்படிப் பன்னிரண்டு. இரண்டாவதில், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜின் கம்பிக்கதவு லேசாகத் தெரிந்தது. நான்காவதில் அதன் பின்னால் ஒரு ஆள். ஆறாவதில் அது தயாளன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாவதில் கம்பிகள் போய்விட்டன, நல்ல வெளிச்சத்தில் முகம் மட்டும். அதோடு தகடும் வழுவழு என்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை எடுக்க முடியாது. உலகத்தில் இருப்பது அந்த ஒரே ஒரு பன்னிரண்டுதான். சக்கரம் சுற்றியது நான். ஒவ்வொரு தாளையும் உரித்து எடுக்கும்போது அவள் மூச்சு விடமாட்டாள். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாக இருந்தது. சொந்த மகளுக்குக்கூட நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை என்று என் மனைவி சொல்வாள், அது உண்மைதான்.

மாட்டிக் காட்டுவதற்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் ஸ்கெலட்டனில் அவர்கள் லைன் முனையில் இருக்கிற படிப்பகத்து ஹால். பதினாலு அடி உயரச் சுவர். பன்னிரண்டு படமும் ஒன்றின் கீழ் ஒன்றாக, இடைவெளி இல்லாமல், ஒரே தூண் மாதிரி. ஷீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: லெவல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை, செங்குத்தாக.

தேர்வுக்கு முந்தின வாரம் ரயிலில், "மாமா, அந்த லெவல் வரிச இருக்குல்ல, அத்த எப்டி மாட்டணும்னா..." என்று ஆரம்பித்தாள்.

"யார்கிட்ட சொல்ற? லெவல்னா இன்னான்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்றேன். அவள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் தயாளன் தூங்கிக்கொண்டிருந்தான்.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன காரில் ஒன்பதரைக்கே தேர்வாளரும் மேடமும் ஊருக்குள் வந்துவிட்டார்கள். ஃபோன் காட்டிய வழி அவர்களை ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டி தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய ஒரு சயனைடு மண்மேட்டின் அடியில் கொண்டுபோய் விட்டிருந்தது. அங்கிருந்து மேடம் கூப்பிட்டார். கௌதமி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அழைத்துவர ஓடினாள். படங்கள் இன்னும் மேஜைமேல்தான் இருந்தன.

"இந்தா, ஷீட்ல கையெழுத்து போட்டுட்டுப் போ. நீங்க வர்றதுக்குள்ள நான் மாட்டிடறன்" என்றேன்.

"பாத்துட்டுதான மாமா போடணும்?"

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

போட்டுவிட்டுப் போனாள். இருபது வருஷத்தில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு பிள்ளையிடம் கையெழுத்து வாங்கியது அன்றைக்குத்தான்.

ஏணியைத் தயாளன் பிடித்துக்கொண்டான். உச்சியில் ஆணி அடித்து, நூலில் தூக்குக்குண்டு கட்டி இறக்கினேன். கையில் வெள்ளை உறை. ஒவ்வொரு தாளின் பின்னாலும் அவள் பென்சிலால் எண் எழுதியிருந்தாள்.

"ஒண்ணு மேலயா?" என்றான் தயாளன், தாளை நீட்டிக்கொண்டே.

"பின்ன, ஒண்ணாவது லெவல் கீழயா இருக்கும்?"

"அதான. சும்மா கேட்டன்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் லெவல் என்றால் ஆழம். பூமிக்கு அடியில் முதல் தளம் ஒண்ணாம் லெவல். எண் ஏற ஏற ஆள் இறங்குவான். பெரிய லெவலில் வேலை செய்கிறவன் என்றால் அடியிலே கிடக்கிறவன் என்று பொருள். சுரங்கத்தில் வேலை பார்த்த இரண்டு பேர், ஒருவன் ஏணி மேலும் ஒருவன் ஏணியடியிலும் இருந்துகொண்டு, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கறுத்த படம் உச்சியில், வெளிச்சமான படம் தரையோடு. மாட்டி முடித்து, பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை. கீழே போகப் போக வெளிச்சம். தங்கம் கீழேதானே இருந்தது, புத்திசாலிப் பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு ஷீட்டில் என் கையெழுத்தைப் போட்டேன்.

பத்தேகாலுக்கு வந்தார்கள். முதலில் மேடம், பிறகு வெள்ளைத் தாடி வைத்த தேர்வாளர், கடைசியில் கௌதமி. உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தேர்வாளர் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் படத்துக்காகத் தரையில் மண்டி போட்டார். அந்த வயதில் அவர் மண்டி போட்டதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். எனக்குப் பாதி புரிந்தது. வெளிச்சம் மேலே இருக்கிறது என்றுதான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள், இந்தப் பெண் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். சுரங்கம் மூடிய ஊரில் இருட்டு தரைக்கு மேலேதான் என்கிறாள். நம்மை மண்டியிட வைத்து அதைக் காட்டுகிறாள். பட்டம் வாங்கிய பிள்ளைகளிடம் இந்த முதிர்ச்சியை நான் கண்டதில்லை என்றார். பேசப் பேச அவருக்கே அவர் பேச்சு பிடித்துப்போய்விட்டது. நான் வாசலோரம் நின்று, இது என் மனதில் தோன்றியதுதானே என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அவளிடம் கேட்டார். கீழே போகப் போக வெளிச்சம் வரும் என்பதை எந்த இடத்தில் கண்டுபிடித்தாய்?

'ஆமாம் சார்' என்று ஒரு வார்த்தை போதும். முதல் வகுப்பு அவள் மடியில் விழுந்திருக்கும். வடக்கே போயிருப்பாள்.

கௌதமி இங்கிலீஷில்தான் சொன்னாள், மெதுவாக. "நான் நினைச்சது இது இல்லை சார். லெவல் ஒண்ணு தரைகிட்ட. அங்கிருந்து மேலே ஏறணும். பன்னிரண்டுல எங்க அப்பா வெளியில வந்துடுவார். இதுல அவரை மறுபடியும் கீழே இறக்கி வெச்சிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரங்கம் மூடியபோது கைக்குழந்தையாக இருந்த பெண். அவளுக்கு லெவல் என்றால் செல்ஃபோன் விளையாட்டில் ஏறிப் போவது. அவள் அப்பா வேலை பார்க்கும் அபார்ட்மெண்டின் லிஃப்டில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எரியும் விளக்கு. அவள் வாழ்க்கையில் எந்த லெவலும் கீழே போனதில்லை.

தேர்வாளரின் முகம் கறுத்துவிட்டது. இவ்வளவு நேரம் பேசியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ஏளுமலை, ஷீட் பிரகாரம்தானே மாட்டினே?"

"ஆமா மேடம். ஷீட் பிரகாரம்தான்."

பொய் இல்லை. லெவல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை, செங்குத்தாக. ஷீட்டில் இருந்தது அதுதான். கையெழுத்தை முன்கூட்டியே வாங்கியதை மட்டும் நான் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் எனக்கு ஓய்வு. என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறை கிடையாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கெட்டவன்.

"அப்போ தப்பு யாருது?" என்றார் மேடம், பொதுவாக.

வாசலில் தயாளன் டீ டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னுது மேடம்" என்று கௌதமியின் குரல் கேட்டது. "ஷீட்ல அம்புக்குறி போடல."

காட்சியமைப்புக்கென்று தனி மதிப்பெண் உண்டு. மாணவியின் நோக்கத்துக்கும் சுவரில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதி அந்த இடத்தில் தேர்வாளர் பூஜ்ஜியம் போட்டார். அவள் ஆமாம் என்றிருந்தால் அதே சுவருக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார். இரண்டாம் வகுப்பில் தேறினாள். தேறாமல் போயிருந்தால்கூட அடுத்த வருஷம் மறுபடியும் உட்கார வழி உண்டா என்று கேட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை, அந்த வருஷத்தோடு ஆனர்ஸுக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

கார் போன பிறகு தயாளன் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு மகளைத்தான் பிடித்துக்கொண்டான்.

"லெவல்னா கீழ போறதுதானடி? எவனக் கேட்டாலும் சொல்வானே."

"உங்க அபார்ட்மெண்ட்ல லெவல் ஒண்ணு எங்க கீதுப்பா?"

 தினமும் தயாளன்தான் லிஃப்டில் அந்தப் பொத்தானை அமுக்குகிறவன். ஏணியை எடுத்து வெளியே வைக்கப் போனான். நான் படங்களைக் கழற்ற ஆரம்பித்தேன். கௌதமி ஒவ்வொன்றாக வாங்கி, நடுவில் மெல்லிய தாள் வைத்து அடுக்கினாள். "கை ஒறைய கழட்டாதீங்க மாமா, மை ஒட்டிக்கும்" என்றாள். 

 அடுத்த மாதம் புது ஹேங்கிங் ஷீட் கட்டுக் கட்டாக அச்சாகி வந்தது. பழையதில் இருந்த எல்லாமே அதிலும் இருந்தது. கூடுதலாக ஒரே ஒரு கட்டம்: 'எங்கிருந்து எங்கே'. அதில் ஒரு கட்டு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, மேடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. போய்விட்டார். ஆனர்ஸே இல்லாத கல்லூரியில் அந்தக் கட்டுகள் இன்னும் அலமாரியில் இருக்கும் என்று நினைக்கிறேன். ரேகா தேடிப் பார்க்கலாம்.

ஓய்வு நாளில் எனக்குப் பாராட்டு விழா நடந்தது. முதல்வர் பேசினார். ஏழுமலை கை வைத்தால் ஒரு நூல் பிசகாது, இருபது வருஷத்தில் ஒரு படத்தைக்கூடத் தவறாக மாட்டாத கை என்றார். கௌதமி வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில். முதலில் கை தட்டியது அவள்தான். மேடம் கடைசி வரிசையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பொன்னாடையை வாங்கி, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, அன்றைக்குச் சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினேன். நன்றியுரையில் அம்புக்குறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கௌதமி இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோலில் தாமரை வெட்டுகிறாள். சுதந்திர தினத்துக்குக் கொடி வரைகிறாள். கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை நல்ல பையன். அவள் குறை என்று எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

இதையெல்லாம் எழுதிய பிறகு, அவளைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று தோன்றியது. நேற்று மத்தியானம் ஃபோன் செய்தேன். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். 

"அனுப்புங்க மாமா. அதுல இன்னா கீது."

"என்ன மன்னிச்சிக்கோம்மா. லெவல்னதும் எனக்கு வேற ஒண்ணுமே தோணல. நீ சொல்ல வந்ததையும் கேக்கல."

"அதுக்குப் போய் யாராவது கோவிச்சிப்பாங்களா? எங்கப்பாவுக்கே தோணலியே. அந்தத் தப்ப நான் அன்னிக்கே விட்டுட்டன்."

"அப்புறம் எதம்மா விடல?"

 யாரையோ உட்காரச் சொன்னாள்.

"மேடம் தப்பு யாருதுன்னு கேட்டாங்கல்ல. நான் உடனே சொல்லல மாமா. நீங்க சொல்லுவீங்கன்னு உங்களயே பாத்துனு இருந்தன். நீங்க திரும்பவே இல்ல."